‘சடங்கு’ என்று பெயர் போட்ட ஆர்கெஸ்ட்ரா கச்சேரிக்கு டிக்கெட் கிடைத்திருக்கிறது, போகலாமா?

கேள்வி இதுதான். பாரிஸுக்கு வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. கூட வேலை பார்ப்பவர் வர முடியாமல் போனதால் அவருடைய கச்சேரி டிக்கெட் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. சடங்குகளிலிருந்து பிறந்த நவீன செவ்வியல் இசை என்று போட்டிருக்கிறார்கள். முதல் பாதியில் மெஸ்ஸியான், புலேஸ். இடைவேளைக்குப் பிறகு ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’. உங்களுக்குக் கொஞ்சம் கர்நாடக இசை, நிறைய சினிமாப் பாட்டு, அதற்கு மேல் பழக்கம் இல்லை. யூடியூபில் போட்டுப் பார்த்தால் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. இதில் சடங்கு எங்கே இருக்கிறது, போகலாமா, டிக்கெட்டை யாருக்காவது கொடுத்துவிடலாமா?

கொடுத்துவிடாதீர்கள், போங்கள். யூடியூபில் தாங்காததற்கு உங்கள் காதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. இந்த மூன்றில் முதல் இரண்டும் ஹெட்போனுக்குள் அடங்காதவை. நானும் அப்படித்தான் ஏமாந்தேன். புலேஸின் ‘ரித்யுவெல்’லை (பிரெஞ்சில் சடங்கு என்று பொருள்) முதன்முதலில் மெட்ரோ ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு காங் அடி, ஒரு நீண்ட சுரக்குவியல், அமைதி, மறுபடி காங், மறுபடி சுரக்குவியல். ‘இதே தானா இருபத்தைந்து நிமிடமும்?’ என்று மூன்றாவது ஸ்டேஷனிலேயே நிறுத்திவிட்டேன். சில வருடம் கழித்து நேரில் கேட்க வாய்த்தது. மேல் தளத்தில், பக்கவாட்டில், இருப்பதிலேயே மலிவான இருக்கை. எனக்கு நேர் கீழே ஓபோவோடு (நாகஸ்வரம் மாதிரி சீவாளி வைத்து ஊதும் மரக்குழல்) ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார், அவருக்குப் பக்கத்தில் தாள வாத்தியக்காரர் ஒருவர், அவ்வளவுதான், மற்றவர்கள் எல்லாரும் தள்ளித் தள்ளி வேறு வேறு இடத்தில். நடத்துனர் ஒரு சைகை காட்டிவிட்டுக் கையைக் கீழே இறக்கிக்கொண்டார். ஓபோக்காரர் அதன் பிறகு அவர் பக்கமே திரும்பவில்லை. பக்கத்தில் இருந்தவரின் கையை மட்டும் பார்த்துக்கொண்டு ஊதினார். மெட்ரோவில் எனக்குப் பிடிபடாத விஷயம் அந்த ஒரு பார்வையில் பிடிபட்டது.

சடங்கு என்று சொன்னதும் ஊதுவத்திப் புகையும் மர்மமான கோரஸும் நினைவுக்கு வந்தால் அதை முதலில் ஒதுக்கிவையுங்கள். சடங்கில் முக்கியமானது முறை. நம் மொழியில் அந்தச் சொல் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது: ‘முறைப்படி செய்தார்கள்’ என்றால் ஒழுங்கு, ‘அடுத்து என் முறை’ என்றால் வரிசை. இந்த மூன்று படைப்புகளுக்கும் இந்த ஒரு சொல் போதும். பீத்தோவனோ சைக்கோவ்ஸ்கியோ கேட்கும்போது இசை ஒரு கதை மாதிரி நகரும். ஒரு மெட்டு வரும், அதற்குச் சங்கடம் வரும், போராடும், ஜெயிக்கும் அல்லது தோற்கும். அடுத்து வருவது முன்னால் வந்ததன் விளைவு. சடங்கில் அப்படி எந்த நிர்ப்பந்தமும் கிடையாது. மணி அடிப்பதற்குக் காரணம் மணி அடிக்கும் நேரம் வந்துவிட்டது என்பதுதான். யாருக்கும் அழுகை வந்ததாலோ கோபம் வந்ததாலோ அல்ல. இசை எங்கே போகப் போகிறது என்று காத்திருந்தால் கொட்டாவிதான் வரும். இப்போது யாருடைய முறை, எது மாறாமல் திரும்ப வருகிறது, எது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வளர்ந்து வருகிறது என்று பார்த்தால் நேரம் போவதே தெரியாது. அப்படித்தான் என் அனுபவம்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மெஸ்ஸியானின் படைப்புக்கு லத்தீனில் பெயர்: ‘எத் எக்ஸ்பெக்தோ ரெசுரெக்சியோனெம் மோர்த்துவோரும்’. இறந்தவர்கள் உயிர்த்தெழுவதை எதிர்பார்த்திருக்கிறேன் என்று அர்த்தம். கத்தோலிக்கர்கள் பூசையில் சொல்லும் விசுவாச அறிக்கையின் கடைசிப் பகுதியில் வரும் வரி. மூன்று பேரில் நிஜமான சடங்கோடு வாழ்ந்தவர் இவர் மட்டும்தான். 1931 முதல் 1992-இல் இறக்கும்வரை பாரிஸின் த்ரினிதே தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். ஞாயிறுதோறும் பூசை, அதற்கு வாசிப்பு, அதுதான் உத்தியோகம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டுச் சிறைமுகாமில் இருந்தவரும்கூட. பிரான்ஸின் பண்பாட்டு அமைச்சராக இருந்த ஆந்த்ரே மல்ரோ, இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்களின் நினைவாக ஒரு படைப்பு எழுதித்தரச் சொல்லி இவரைத்தான் கேட்டார். 1964-இல் எழுதினார். முதல் அரங்கேற்றம் 1965 மே 7, காலை 11 மணிக்கு, சாந்த் ஷாப்பெல் தேவாலயத்தில். வெயில் ஏறும் நேரத்தில் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களோடு சேர்த்துக் கேட்க வேண்டும் என்று யாரோ யோசித்திருக்க வேண்டும். அடுத்த மாதமே ஷார்த்ர் பேராலயத்தில் ஜனாதிபதி த கோல் முன்னிலையில் இன்னொரு முறை.

வாத்தியக்காரர்கள் மேடையில் உட்கார்ந்ததும் ஒன்று கண்ணில் படும்: வயலின் ஒன்றுகூட இருக்காது. செல்லோ, டபுள் பேஸ் எதுவுமே இல்லை. மரக்குழல் வாத்தியங்கள், பித்தளை வாத்தியங்கள், பிறகு உலோகத்தில் செய்த தாள வாத்தியங்கள். குழாய் மணிகள், மாட்டு மணிகள், காங், டாம்டாம். கடைசி இரண்டையும் பலர் குழப்பிக்கொள்வார்கள். காங் என்றால் நடுவில் குமிழ் இருக்கும், ஒரு குறிப்பிட்ட சுரத்தில் ஒலிக்கும். டாம்டாம் தட்டையாக, பெரிய தாம்பாளம் மாதிரி இருக்கும், எந்தச் சுரம் என்று சொல்ல முடியாத ஒரு பெரிய மூச்சு. நம்மூர்ச் சேகண்டியை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, சுருதியைப் பத்து மடங்கு தாழ்த்திக் கற்பனை செய்தால் கிட்டத்தட்ட வரும். இவர் இந்தப் படைப்பைப் பெரிய தேவாலயங்களுக்காகவும், திறந்த வெளிக்காகவும், மலை உச்சிகளுக்காகவும்கூட நினைத்தவர். அதனால்தான் ஒவ்வொரு அடிக்குப் பிறகும் சத்தம் கரைந்து முடிய இடம் விட்டிருக்கிறார். ஐந்து பகுதிகள், அவற்றுக்கு நடுவில் நீண்ட மௌனங்கள். அந்த மௌனமும் எழுதப்பட்டதுதான். நம் ஆட்கள் (நானும்தான்) அந்த நேரத்தில் தொண்டையைச் செருமுவோம், நிகழ்ச்சித்தாளைப் புரட்டுவோம். கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ஒட்டிக்கொள்ள ஒரு கொக்கி வேண்டுமென்றால் இதோ. சார்ங்கதேவரின் ‘சங்கீத ரத்னாகரம்’ கேள்விப்பட்டிருப்பீர்கள், தேவகிரி யாதவ மன்னர்கள் அரசவையில், 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. அதில் 120 தேசி தாளங்களின் பட்டியல் இருக்கிறது. மெஸ்ஸியான் அதை ஒரு பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியத்தில் பார்த்துவிட்டு ஆயுள் முழுக்க அதைப் பயன்படுத்தினார். யாரும் வாசித்துக் காட்டிக் கேட்டுக் கற்றது கிடையாது, காகிதத்தில் இருந்த அளவுகளைப் பார்த்துக் கற்றது. அதனால் நமக்குத் தாளம் போட்டுக்கொண்டே கேட்கும் விதத்தில் அது காதில் விழாது, இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தப் படைப்பில் அவர் எடுத்துக்கொண்டது சிம்மவிக்ரமம், 15 மாத்திரை. ஏன் அது? 15 என்பது ஐந்து மூன்றுகள், ஐந்து சிவனுடைய எண், சிவன் மரணத்துக்கே மரணம், ஆகவே உயிர்த்தெழுதலுக்குப் பொருத்தம் என்று அவரே விளக்கம் எழுதியிருக்கிறார். திருக்கடவூரில் எமனை உதைத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். கத்தோலிக்கப் போர் நினைவு இசைக்குள் காலசம்ஹாரமூர்த்தி எட்டிப்பார்ப்பதைக் கண்டு எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், அவருக்கு இது வெறும் அலங்காரம் இல்லை. எண்ணுக்கு அர்த்தம் உண்டு என்று நம்புகிறவர் தன் சடங்குக்கு வேண்டிய எண்ணைக் கண்டெடுத்த இடத்தில் எடுத்துக்கொண்டார்.

பறவைகளும் வரும். மெஸ்ஸியான் காடுமேடெல்லாம் அலைந்து பறவைக் குரல்களைச் சுரப்படுத்தியவர். மூன்றாம் பகுதியில் மரக்குழல்கள் திடீரென்று கிறுக்குப் பிடித்த மாதிரி துள்ளினால் அது அமேசான் காட்டு உய்ராபுரு என்ற பறவை, சாகும் தருணத்தில் அதன் குரல் கேட்கும் என்பது ஐதீகம். கடைசிப் பகுதியில் காங் நிற்காமல் ஒரே சீராக அடித்துக்கொண்டே இருக்கும், அதன் மேல் மொத்த வாத்தியங்களும் மெதுவாக ஊர்வலம் மாதிரி போகும். இங்கே எனக்கு ஒரு சின்னக் குறை உண்டு. கொஞ்சம் நீளம். ஆனால் அந்த அதிர்வை நெஞ்சுக்கூட்டில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அதைச் சொல்லத் தோன்றாது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றும்.

இப்போது புலேஸ். நான் அதிக நேரம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான்.

முழுப் பெயர் ‘ரித்யுவெல், ப்ரூனோ மதெர்னா நினைவாக’. மதெர்னா இத்தாலிக்காரர், வெனிஸில் பிறந்தவர், இசையமைப்பாளர், நடத்துனர். நவீன இசைக்காரர்களில் பகையாளியே இல்லாத ஒரு சிலரில் ஒருவர் என்று சொல்லலாம். 1973 நவம்பர் 13-இல், 53 வயதில் இறந்துபோனார். புலேஸ் நண்பருக்காக இதை எழுதி, 1975 ஏப்ரல் 2-இல் லண்டனில் பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு தானே நடத்தி அரங்கேற்றினார். இப்போது கவனியுங்கள், இது ஒரு சாவுக்கான இசை, ஆனால் ஒரு இடத்தில்கூட அழுகை இல்லை. விம்மல் இல்லை, ஏக்கமான வயலின் மெட்டு இல்லை. புலேஸ் அப்படிப்பட்ட ஆள் கிடையாது. அவர் செய்தது வேறு. ஆர்கெஸ்ட்ராவை எட்டுக் குழுவாகப் பிரித்து அரங்கில் தனித்தனியாக உட்காரவைத்தார்: ஒரு ஓபோ, இரண்டு கிளாரினெட், மூன்று புல்லாங்குழல், நான்கு வயலின், ஐந்து காற்று வாத்தியங்கள், ஆறு தந்தி வாத்தியங்கள், ஏழு மரக்குழல்கள், கடைசியில் பதினான்கு பித்தளை வாத்தியங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் துணையாக ஒரு தாள வாத்தியக்காரர், பித்தளைக் குழுவுக்கு மட்டும் இரண்டு பேர், அவர்களிடம்தான் காங்குகளும் டாம்டாம்களும். கூட்டிப் பாருங்கள், தாளத்துக்கு மட்டும் ஒன்பது பேர்.

மொத்தம் 15 பகுதிகள். ஒற்றைப்படைப் பகுதிகள் மிக மெதுவானவை. நடத்துனர் எல்லாரையும் சேர்த்து நடத்துவார், பித்தளையும் காங்கும் கனமாக விழும். இரட்டைப்படைப் பகுதிகளில் நடத்துனர் ஒவ்வொரு குழுவுக்கும் ‘தொடங்கு’ என்று சைகை மட்டும் காட்டுவார், அதற்கு மேல் அவருக்கு வேலை இல்லை. அந்தக் குழு தன் தாள வாத்தியக்காரரைப் பிடித்துக்கொண்டு தன் வேகத்தில் போகும், பக்கத்துக் குழுவோடு ஒட்டிப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதலில் அந்த ஒற்றை ஓபோ மட்டும். பிறகு இன்னொரு குழு சேரும், பிறகு இன்னொன்று. ஏறக்குறைய ஒரே மெட்டை ஆளுக்கு ஒரு கணத்தில், ஆளுக்கு ஒரு நடையில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். துக்க வீட்டில் பத்துப் பேர் ஒரே பேரைச் சொல்லிப் புலம்பும்போது யாரும் சேர்ந்து புலம்ப ஒத்திகை பார்த்திருக்க மாட்டார்கள், ஆனாலும் அது ஒரே புலம்பலாகத்தான் கேட்கும், இல்லையா? அது மாதிரி. புலேஸே இதைக் கற்பனையான ஒரு சடங்குக்கான பாட்டும் மறுபாட்டும் என்கிற பொருளில்தான் விவரித்தார். தலைவர் சொல்ல, சபை பதில் சொல்லும் வழக்கம். அந்தச் சடங்கு எந்த மதத்துடையது, எந்த ஊருடையது என்று கேட்டால் பதில் கிடையாது. இளம் வயதிலேயே பாலி, ஜப்பான், ஆப்பிரிக்கா என்று பல ஊர் இசையைக் கேட்டுக் காதைத் தீட்டிக்கொண்டவர், ஆனால் எதையும் அப்படியே எடுத்து ஒட்டவில்லை.

ஏன் ஓபோ முதலில் என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். மதெர்னா ஓபோவுக்கு மூன்று கான்செர்ட்டோ (தனி வாத்தியம் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு) எழுதியவர், மூன்றாவதை எழுதியது இறந்த அந்த 1973-இல்தான். புலேஸ் அதை மனதில் வைத்துத்தான் செய்தாரா என்பது வேறு விஷயம், எனக்கு அந்த ஓபோ இறந்தவரின் குரலாகவே கேட்டுப் பழகிவிட்டது, இனி மாற்றிக் கேட்க முடியாது.

பதினைந்தாவது பகுதி நீளமானது. அதுவரைக்கும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டியதை இங்கே ஒவ்வொன்றாகப் பிரித்து எடுப்பார்கள். குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகும். பந்தல் பிரிக்கிற மாதிரி, ஒரு கம்பு, இன்னொரு கம்பு. கச்சேரியில் பலர் கடிகாரம் பார்ப்பது இந்த இடத்தில்தான். நீங்கள் பார்க்காதீர்கள், இன்னும் எத்தனை பேர் பாக்கி என்று மேடையை எண்ணுங்கள்.

இடைவேளை. மேடையை மொத்தமாக மாற்றி அடுக்குவார்கள், காபி வரிசையில் நிற்காமல் உள்ளேயே இருந்து அதைப் பார்த்தாலும் நல்ல பொழுதுபோக்கு. இந்த நேரத்தில் ஒரு சங்கதி. இந்த மூன்று பேரையும் ஒரே மாலையில் வைத்ததற்குச் சடங்கு மட்டும் காரணம் இல்லை, இது ஒரு குரு பரம்பரை. மெஸ்ஸியான் பாரிஸ் கன்சர்வத்வார் என்ற இசைக் கல்லூரியில் நடத்திய வகுப்பில் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’ அக்கு வேறு ஆணி வேறாகப் பிரிக்கப்பட்டது. அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவர் புலேஸ். அதே புலேஸ் 1945-இல் பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கியின் பிற்காலப் படைப்பு ஒன்று வாசிக்கப்பட்டபோது கூட்டாளிகளோடு சேர்ந்து கூச்சல் போட்டவர். பெரியவர் பழைய பாணிக்குத் திரும்பிவிட்டாராம், அதுதான் கோபம். பிறகு அவரே ‘வசந்தச் சடங்’கின் தலைசிறந்த நடத்துனர்களில் ஒருவரானார். 1971-இல் ஸ்ட்ராவின்ஸ்கி இறந்தபோது நினைவாக ஒன்று எழுதத் தொடங்கினார், அந்தச் சரக்கிலிருந்துதான் பின்னால் ‘ரித்யுவெல்’லின் ஏழு சுரத் தொகுதி வந்தது. ஆக, மதெர்னாவுக்கான அஞ்சலிக்குள் ஸ்ட்ராவின்ஸ்கிக்கான அஞ்சலியும் புதைந்துகிடக்கிறது.

‘வசந்தச் சடங்கு’ பற்றி நீங்கள் எங்கே தேடினாலும் முதலில் வருவது அந்த ரகளைக் கதைதான்: 1913 மே 29, பாரிஸ், தெயாத்ர் தே ஷான்ஸெலிஸே, தியாகிலெவின் பாலே குழு, நிஜின்ஸ்கி அமைத்த நடனம், கூச்சல், சீட்டி, பக்கவாட்டில் நாற்காலி மேல் ஏறி நின்று ஆடுபவர்களுக்காகக் கத்தி எண்ணிக்கை சொன்ன நிஜின்ஸ்கி. நடந்தது உண்மைதான், ஆனால் நடத்துனர் மோந்தோ கடைசிவரை நிறுத்தாமல் நடத்தி முடித்தார், அடுத்த ஏப்ரலில் அதே பாரிஸில் நடனம் இல்லாமல் இசையை மட்டும் அவர் வாசித்துக் காட்டியபோது ஸ்ட்ராவின்ஸ்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். இதற்கு மேல் அந்த ரகளைக்கு மரியாதை வேண்டாம்.

கதை இவ்வளவுதான்: பழங்கால ருஷ்யாவில் ஒரு இனக்குழு, வசந்தம் வந்திருக்கிறது, பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து பார்க்க, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பெண் ஆடி ஆடியே சாகிறாள். இது வரலாறா என்றால் இல்லை, 1910-இல் ஸ்ட்ராவின்ஸ்கிக்குத் தோன்றிய ஒரு காட்சி. அதற்கு உருக்கொடுக்க உதவியவர் ஓவியர் நிக்கோலாய் ரோரிக், தொல்லியல் ஆர்வமுள்ளவர், உடையும் மேடை ஓவியமும் அவருடையவை. இவர் பிற்காலத்தில் நம் நாட்டுக்கு வந்து குலு பள்ளத்தாக்கில் நக்கர் என்ற ஊரில் குடியேறி 1947-இல் அங்கேயே இறந்தார். மகன் ஸ்வெதொஸ்லாவ் ரோரிக் நடிகை தேவிகா ராணியை மணந்து பெங்களூர்ப் பக்கம் வாழ்ந்தார். கேட்பதற்கு இது உதவாது, எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தொடக்கத்தில் பஸ்ஸூன் என்ற தாழ்ந்த குரல் மரக்குழல் தனியாக, அதற்குப் பழக்கமே இல்லாத உச்ச ஸ்தாயியில், தொண்டை இறுகின மாதிரி ஒரு மெட்டு வாசிக்கும். லித்துவேனிய நாட்டுப்பாட்டு ஒன்றிலிருந்து எடுத்தது. சில நிமிடம் கழித்து தந்தி வாத்தியக் கூட்டம் ஒரே சுரக்குவியலை இடித்து இடித்து வாசிக்கத் தொடங்கும் பாருங்கள், அங்கே நிமிர்ந்து உட்காருங்கள். சின்ன வயதில் மூன்று வருடம் மிருதங்கம் கற்றுப் பாதியில் விட்டவன் நான், அந்தப் புத்தியில் சொல்கிறேன். ஒவ்வொரு இடிக்கும் ஒரு எண் வைத்து 32 வரை எண்ணுங்கள். ஆதி தாளத்தில் ஒரு அட்சரத்துக்கு ஒரு இடி என்று வைத்தால் சரியாக நான்கு ஆவர்த்தனம். இடி மாறவே மாறாது, ஒரே சீர். ஆனால் எட்டு ஹார்ன்கள் சேர்ந்து அழுத்தம் கொடுக்கும் இடங்கள் எவை தெரியுமா? 10, 12, 18, 21, 25, 30. அதாவது ஒன்பது இடி ஒன்றுமே இல்லாமல் போகும், சரி இப்படியே போகும் போலிருக்கிறது என்று நீங்கள் தளரும்போது பத்தில் ஒரு குத்து, உடனே பன்னிரண்டில் இன்னொன்று, அப்புறம் ஆறு தள்ளி, மூன்று தள்ளி, நான்கு தள்ளி, ஐந்து தள்ளி. நம் தனி ஆவர்த்தனத்தில் கோர்வை வைத்தால் கடைசியில் சமத்திலோ எடுப்பிலோ வந்து சேரும் என்ற நிம்மதி உண்டு. இவர் அந்த நிம்மதியைத் தரமாட்டார். வீட்டில் ஒரு தடவை போட்டு எண்ணிப் பழகிக்கொண்டு போங்கள், அரங்கில் தொடையில் தட்டத் தோன்றும், பக்கத்தில் இருப்பவர் முறைப்பார், பரவாயில்லை.

இன்னொரு இடம் உண்டு, பலர் கோட்டைவிடுவது. முதல் பாகம் முடியும் தறுவாயில் வயதான ஞானி ஒருவர் குனிந்து மண்ணை முத்தமிடுகிறார். மொத்தப் படைப்பிலும் வணக்கம், வழிபாடு என்று சொல்லத்தக்க செயல் அதுதான். அதற்கு ஸ்ட்ராவின்ஸ்கி கொடுத்தது எவ்வளவு? நான்கே நான்கு ‘பார்’, அதாவது நான்கு தாளக் கட்டம். அதுவரை இரைந்துகொண்டிருந்த ஆர்கெஸ்ட்ரா சட்டென்று நின்றுவிடும். கான்ட்ரா பஸ்ஸூனும் டிம்பனி என்ற பெரிய முரசும் அடிவயிற்றில் முணுமுணுக்கும், அப்புறம் தந்தி வாத்தியங்களில் கண்ணாடி மாதிரி ஒரு சுரக்குவியல், அவ்வளவுதான், அடுத்த கணம் மறுபடி கூட்டம் பாய்ந்துவிடும். இருமினால் போச்சு.

இரண்டாம் பாகத்தில் பெண்கள் வட்டமாகச் சுற்றுவார்கள், அதில் தடுமாறுகிறவள்தான் பலி. தேர்வு முடிந்ததும் ஒரே பாரில் 11 அடி, தந்தி வாத்தியங்களும் டிம்பனியும் சேர்ந்து, கல்லை உடைக்கிற மாதிரி. எண்ணுங்கள். பத்து இல்லை, பன்னிரண்டு இல்லை. அதன் பிறகு கடைசி நடனம், தாள அளவு ஏறக்குறைய ஒவ்வொரு பாரிலும் மாறும். பியானோவில் தன்னால் வாசிக்க முடிந்தது, எப்படி எழுதுவது என்றுதான் முதலில் தெரியவில்லை என்று ஸ்ட்ராவின்ஸ்கி பின்னால் சொன்னார்.

ஒரு பழைய புகாரையும் சொல்லிவிட வேண்டும். ஜெர்மன் சிந்தனையாளர் அடோர்னோ 1949-இல் இந்தப் படைப்பைக் கடுமையாகச் சாடினார். சாகிற பெண்ணுக்காக இந்த இசை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, கொல்கிற கூட்டத்தின் பக்கமே நிற்கிறது என்பது அதன் சாரம். எனக்கு அந்தப் புகார் சரி என்றே படுகிறது, ஆனால் அதற்காக இசையைத் தள்ளிவைக்கத் தோன்றவில்லை. கூட்டத்தின் பக்கம் நின்றுகொண்டு, கால் தாளம் போட்டுக்கொண்டு ஒரு கொலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது பாதியில் உறைக்கும், அந்த உறைப்பும் இதில் ஒரு பங்கு. இங்கே ஒரு வேடிக்கை என்னவென்றால், மூன்றில் சடங்கைக் கதையாகச் சொல்வது இது ஒன்றுதான், கேட்க மிகவும் சடங்கு மாதிரி இல்லாததும் இதுதான். வேகம், திடுக்கிடல், உச்சக்கட்டம் என்று நாடகத்துக்கு வேண்டிய எல்லாம் இதில் உண்டு. அதனால்தான் இடைவேளைக்குப் பிறகு வைக்கிறார்கள், அசந்துபோனவர்களை எழுப்ப. உங்களுக்கு முதலில் பிடிக்கப்போவது இதுவாகத்தான் இருக்கும்.

எல்லாமே ஐரோப்பியர்களின் கற்பனைச் சடங்குகள்தானா என்று உங்களுக்குத் தோன்றலாம், எனக்கும் தோன்றியது. ஒரு நிகழ்ச்சித் திட்டத்தை அமைக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தால் இசாங் யுன் எழுதிய ‘ரேயாக்’கைச் சேர்ப்பேன். கொரியாவில் பிறந்து ஜெர்மனியில் வாழ்ந்தவர், 1966-இல் டோனாவெஷிங்கன் விழாவில் அரங்கேறியது, பெயருக்கே சடங்கு இசை என்றுதான் பொருள். சியோலில் ஜோங்ம்யோ என்ற அரச முன்னோர் ஆலயத்தில் இன்றும் ஆண்டுதோறும் மே மாதம் திதி மாதிரி ஒரு பெரிய வழிபாடு நடக்கிறது. ஆறு மரத்துண்டுகளைக் கோத்த ‘பாக்’ என்ற கருவியை ஒரு தடவை அடித்தால் இசை தொடங்கும், மூன்று தடவை அடித்தால் முடியும். புலி வடிவத்தில் ஒரு மரப்பொம்மையும் உண்டு, முதுகில் ரம்பப் பல் மாதிரி வரிசை. மூங்கில் துடைப்பத்தால் அதன் தலையில் தட்டி, முதுகை வரக் வரக் என்று இழுத்தால் பாட்டு முடிந்தது என்று அர்த்தம். இந்த உலகத்திலிருந்து வந்தவர் யுன். அவர் படைப்பில் அந்த ‘பாக்’கின் படார் சத்தம் ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ராவுக்கு நடுவில் வந்து விழும். ஒரு சுரத்தை நீட்டி, அதை நடுங்கவைத்து, வளைத்து, உயிர் கொடுத்துப் பிறகு விடுவது அவர் பாணி, கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு மற்ற மூவரையும்விட அவர் சீக்கிரம் நெருங்கிவிடுவார். இதை எழுதிய மறுவருடமே தென்கொரிய உளவுத்துறை அவரை மேற்கு பெர்லினிலிருந்து கடத்திக்கொண்டு போய்ச் சிறையில் போட்டது, 1969-இல்தான் விடுதலை. அது வேறு கதை. ஜப்பானில் மயுஸுமி என்பவர் கோயில் மணிகளின் ஒலியைப் பகுத்துப் பார்த்து, அதை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி, பௌத்த மந்திர ஓதலோடு சேர்த்து 1958-இல் ‘நிர்வாண சிம்பொனி’ செய்தார். கச்சேரி பிடித்திருந்தால் இவை இரண்டையும் அப்புறம் தேடிக் கேளுங்கள், முன்கூட்டியே வேண்டாம், குழம்பிவிடும்.

நடைமுறை விஷயங்கள் கொஞ்சம். முன்னாலேயே வீட்டில் கேட்டுத் தயாராக வேண்டுமா? ஸ்ட்ராவின்ஸ்கியை இரண்டு முறை கேளுங்கள், அந்த 32 எண்ணிக்கைக்காக. மெஸ்ஸியானில் முதல் பகுதி மட்டும் போதும். புலேஸைக் கேட்கவே வேண்டாம், நேரில் பாருங்கள். உடை பற்றிக் கவலைப்படாதீர்கள், ஜீன்ஸில்தான் பாதிப் பேர் வருவார்கள். கைதட்டல்: பகுதிகளுக்கு நடுவில் கிடையாது, முடிந்த பிறகும் நடத்துனர் உடம்பு தளர்ந்து திரும்பும்வரை பொறுங்கள், டாம்டாம் ஒலி காற்றில் பாக்கி இருக்கும். தூங்கிவிடுவேனோ என்று கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். மெஸ்ஸியானில் கண் சொக்கினால் சொக்கட்டும், அடுத்த டாம்டாம் பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் டிக்கெட்டில் இருக்கை எங்கே என்று பாருங்கள். மேடைக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ போட்டிருந்தால் வருத்தப்படாதீர்கள், அங்கேதான் நடத்துனரின் முகம் தெரியும், புலேஸில் அவர் கையைக் கீழே இறக்கிக்கொண்டு சும்மா நிற்பதும் தெரியும், உங்களுக்குப் பக்கத்தில் உட்காரவைத்த குழு யாரைப் பார்த்து வாசிக்கிறது என்பதும் தெரியும். நடுவில் காலியாக இருக்கிறது, அங்கே போய் உட்காருங்கள் என்று யாராவது அன்பாகச் சொன்னாலும் நகராதீர்கள்.